டர்போ காரும் ஒரு ஞாலிப்பூவன் பழமும்

போன வருடம், ஓணம் முடிந்து வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை. அன்று காலை சாப்பிடாமல் வேலைக்குப் போனேன். வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். ஆனால் என்னுடைய அந்தக் காலி வயிறு இன்னொரு மனிதரின் வேலைக்கே உலை வைக்கப் பார்க்கும் என்று யார் கண்டார்கள்!

நான் வேலை பார்ப்பது மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில். ஒரு காலத்தில் சுக்கும் மிளகும் அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. இன்றைக்கும் மழை பெய்தால் மேலே ஓட்டிலிருந்து சுக்கு வாசனை இறங்கும், கீழே ஆயில் வாசனை ஏறும். சாதாரண சர்வீஸ் கடை இல்லை. கம்பெனி கொடுத்த வேகம் போதாது என்று நினைக்கிறவர்கள் வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். முதலாளி அதற்குப் பெரிய டர்போ, புது வால்வு, பெரிய பைப் என்று மாட்டிக் கொடுப்பார். எனக்கு முன்மேசை வேலை. போன் எடுக்க வேண்டும், எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று எழுதி வைக்க வேண்டும், சாமான் வரவழைக்க வேண்டும், நேரத்துக்குச் சாயா சொல்ல வேண்டும். ஸ்பேனர் பிடித்ததே இல்லை. ஆனால் ஒன்பது வருடமாகக் காது திறந்துதானே இருக்கிறது! வண்டி தெருமுனையில் திரும்பும்போதே இன்னார் வண்டி என்று சொல்லிவிடுவேன்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அப்பா நகரசபை வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் கொச்சியில், மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து அம்மா அடுக்களையில் சொல்லிக்கொடுத்தது. அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை, நடந்தபடியேதான் சொல்கிறேன்.

எங்கள் முதலாளி மலையாளி, கிறிஸ்தவர். ஷெட்டின் நடுவில் பெரிய மாதா படம் இருக்கும். ஆனால் ஒரு வண்டியின் வேலை முடிந்து முதல்முறை வெளியே போகும்போது அவருக்கு என் கையால் பூஜை ஆக வேண்டும். நாலு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், என்ஜினில் ஒரு சந்தனப் பொட்டு, ஒரு வாழைப்பழத்தில் குத்தி வைத்த ஊதுபத்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானாக ஒருநாள் செய்யப்போக, அந்த வண்டிக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து "சேச்சி, நம்ம தமிழ் பூஜை ஆச்சோ?" என்று கேட்காமல் சாவியைக் கொடுக்க மாட்டார். மாதாவும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பூஜைக்கு நின்றது ஒரு சிவப்புச் சின்னக் கார். எர்ணாகுளத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவருடையது. ஐம்பது வயது, மாவு படிந்த செருப்பு, கூச்ச சுபாவம். இவருக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று நானே வியந்திருக்கிறேன். வண்டியில் எல்லா வேலையும் செய்து முடித்தவர் எங்கள் ஃபிட்டர். திண்டுக்கல் பக்கத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். அவர் வந்த பிறகுதான் கடையில் எனக்குத் தமிழ் பேச ஆள் கிடைத்தது. "அக்கா, நீங்க பேசுற தமிழை எங்க ஊர்ல பேசினீங்கன்னா, பஸ் ஏத்தித் திருப்பி அனுப்பிருவாய்ங்க" என்று கேலி செய்வார். நான் விடுவேனா? "நீங்க சொல்ற மலையாளத்தக் கேட்டு சாயாக்கடைச் சேட்டன் மூணு நாளா பனியில கிடக்கார்" என்பேன். பனி என்றால் இங்கே காய்ச்சல்.

பூஜைத் தட்டை எடுத்து வைத்தேன். எலுமிச்சம்பழம் இருந்தது, சந்தனம் இருந்தது, ஒரே ஒரு ஞாலிப்பூவன் வாழைப்பழமும் இருந்தது. எனக்கு வயிறு இரைந்தது. சுற்றிப் பார்த்தேன். ஃபிட்டர் ஓரமாகத் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். முதலாளி வெளியே. உரித்தேன், இரண்டே கடியில் தின்றேன், தோலைக் குப்பையில் அமுக்கினேன். சாமிக்கு வைத்ததைத் தின்றால் சாமி கண்ணைக் குத்தும் என்று சின்ன வயதில் மிரட்டுவார்கள். நாற்பதை நெருங்கும் வயதில் அந்தப் பயமெல்லாம் எங்கே இருக்கிறது? ஊதுபத்தியைக் குத்தப் பழம் இல்லையே என்று பார்த்தேன். பானெட்டுக்கு உள்ளே என்ஜின் பக்கத்தில் ஒரு சின்ன இடுக்கு தெரிந்தது. கொளுத்தி அதில் செருகினேன், நின்றது. கும்பிட்டுவிட்டு மேசைக்குப் போய்விட்டேன்.

அரைமணி நேரம் கழித்து முதலாளி வந்தார், பானெட்டைச் சாத்தினார், பேக்கரிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையில் அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது 'ப்ஷ்ஷ்ஷ்' என்று ஒரு சுத்தமான சத்தம். கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை அந்த வண்டி திரும்பி வந்தது. நான் தலையைக்கூடத் தூக்கவில்லை, சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பேக்கரிக்காரர் இறங்கி வந்து, கூச்சத்தையெல்லாம் விட்டுவிட்டு என் மேசை முன்னால் நின்று வாயாலேயே செய்து காட்டினார். "முன்னாடி ப்ஷ்ஷ்ஷ். இப்போ எந்தா? குடுகுடுகுடு, குடுகுடுகுடு. என் கடையில வேலை செய்யுற பையன்மார் எல்லாம் வான்கோழி வருதுன்னு சிரிக்கான்." எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, 'காலை எடுத்தால் வான்கோழிச் சத்தம்' என்று அப்படியே எழுதி வைத்தேன். வேறு எப்படி எழுதுவது?

எனக்கு எப்போதுமே ஒரு சத்தம் ஏன் வருகிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. ஃபிட்டரிடம் போய் நச்சரித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். டர்போ என்பது ஒரு காற்றாடி. காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் கதவைச் சாத்திவிடும். வந்துகொண்டிருக்கும் காற்று எங்கே போகும்? அதற்குத்தான் வால்வு. அது சட்டென்று திறந்து காற்றை வெளியே விடும், அதுதான் 'ப்ஷ்ஷ்'. வால்வு சரியாகத் திறக்காவிட்டால் காற்று திரும்பிப்போய்க் காற்றாடியிலேயே மோதும், அதுதான் வான்கோழி. இப்படியே விட்டால் ஒருநாள் டர்போவே போய்விடும்.

"அப்போ வால்வுதான் கேடு" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"பாப்போம்க்கா" என்றார்.

வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். குடுகுடு. உள்ளே இருந்த ஸ்பிரிங்கை மாற்றினார். குடுகுடு. புதன்கிழமை முதலாளி வேறு ஒரு புது வால்வையே கொண்டுவந்து கொடுத்தார். அதையும் மாட்டி, வில்லிங்டன் தீவுப் பக்கம் நீளமான ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு முதலாளி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே நான் சாயா சொல்லிவிட்டேன்.

பெரிய பைப்புகள் எல்லாவற்றிலும் ஃபிட்டர் சோப்புத் தண்ணீர் அடித்துக் காற்று ஏற்றிப் பார்த்தார். எங்கேயும் குமிழி இல்லை. நான் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். "குக்கர்ல விசில் சரியா வரலேன்னா நம்ம விசிலையா மாத்துவோம்? எங்கேயோ ஆவி போகுதுன்னுதானே நோக்குவோம்? இதுலயும் எங்கேயோ போகுது." முதலாளி, "சேச்சி, போய் குக்கர நோக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அந்த யோசனை மண்டையிலிருந்து போகவில்லை.

இனிமேல் சொல்லப்போவது எழுதக் கை கூசுகிறது. வியாழக்கிழமை காலை முதலாளி என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு அவன் சரியாத்தான் வேலை செய்தானா? பழைய ரப்பர் ஓஸ் ஏதாவது எடுத்து மாட்டிட்டானா?" என்று கேட்டார். அவர் கேட்டது மலையாளத்தில், நான் பதில் சொன்னதும் மலையாளத்தில். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேனே! என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "அன்னைக்கு அவருக்கு மனசு இங்க இல்ல. பாதி நேரம் போன்லதான் நின்னார்" என்றேன். சொன்னது பொய் இல்லை. அதுதான் இன்னும் மோசம். பொய்யாக இருந்தால் பிறகு திருத்தியிருக்கலாம்.

முதலாளி திரும்பி ஷெட்டுக்குள் போய்விட்டார். மத்தியானம் சாயாக்கடையில் ஃபிட்டர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள வண்டி சரியாகலேன்னா வேற இடம் பாத்துக்கன்னு சொல்லிட்டாருக்கா."

"ஏன் அப்படிச் சொன்னார்?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"வேலை நேரத்துல போன் பேசுறேனாம். கவனமில்லாம மாட்டிட்டேனாம். யாரு சொன்னாங்கன்னு தெரியல."

இரண்டு வருடம் அவர் எர்ணாகுளத்தில் ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்து எழுந்தவர். அந்த வருட ஜூனில்தான் தேவராவில் ஒரு சின்ன வீடு பிடித்து மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். மகளை இங்கே இரண்டாம் வகுப்பில் சேர்த்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை போனில் இருந்தது அவள் பள்ளிக்கூடத்து டீச்சராம். மலையாளம் புரியாமல் குழந்தை வகுப்பில் அழுதுகொண்டே இருக்கிறாள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "இப்பத்தான்க்கா நாலு வார்த்தை பேசுறா. மறுபடி ஊருக்குக் கூட்டிட்டுப் போனா என்னத்தச் சொல்றது?" என்றார். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது. கத்தவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. அவர் கிளாசுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதுதான் அன்றைக்கு என்னால் செய்ய முடிந்த பிராயச்சித்தம்.

மறுநாள் வெள்ளி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் மாதா படத்துக்கு முன்னால் பத்தி கொளுத்தி, ஷெட் முழுக்கப் புகை காட்டுவேன். அன்று வீட்டில் நாலு இட்லி தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன். ஃபிட்டர் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சிவப்புக் காரின் பானெட்டைத் திறந்து வைத்து, அப்போதுதான் என்ஜினை ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்ஜின் குளிர்ந்திருந்ததால் ஃபேன் இன்னும் சுற்ற ஆரம்பிக்கவில்லை, காற்றே இல்லை.

நான் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், ஊதுபத்தியை என்ஜினுக்கு மேலே காட்டினேன். புகை நேராக மேலே போனது. கையை இடதுபக்கம் கொண்டுபோனேன். புகை வளைந்தது.

முதலில் என் மூச்சுக்காற்று என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அங்கேயே காட்டினேன். புகை மேலே போகாமல் நூல் மாதிரி மெலிந்து, கீழே இறங்கி, ஒரு கறுப்பு ஓஸுக்கு அடியில் போய் மறைந்தது. கையை எடுத்தேன், நேராகப் போனது. கொண்டுபோனேன், உள்ளே போனது. எடுத்தேன், கொண்டுபோனேன். குழந்தை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி நான் ஐந்தாறு தடவை செய்திருப்பேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. என்ன இது, எங்கே போகிறது என்கிற ஆச்சரியம் மட்டும்தான்.

"இங்க வந்து நோக்குங்க. புகைய யாரோ குடிக்கான்!" என்றேன்.

ஃபிட்டர் குனிந்து பார்த்தார். பிறகு அந்த ஓஸுக்கு அடியில் ஒரு விரலை வைத்தார். என்ஜின் சத்தம் மாறியது. அதுவரை லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது அப்படியே அடங்கிச் சீரானது. விரலை எடுத்தார், மறுபடி ஏறி இறங்கியது. "அட கடவுளே" என்றார். "சின்ன ஓஸுக்கா! வால்வைத் தொறக்கிறதே இதுதான். காலை எடுத்ததும் என்ஜின் இது வழியா உறிஞ்சும், அந்த இழுப்புல வால்வு தொறக்கும். ஓட்டை ஸ்ட்ராவுல எளநி குடிக்க முடியுமா? அந்தக் கதைதான்."

நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன். குக்கர் யோசனை சரியாகிவிட்டதே! இவர் வேலை தப்பித்ததே! கும்பிட்ட சாமி கைவிடவில்லை என்று மாதா படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு போட்டேன்.

என்ஜினை நிறுத்திவிட்டு அவர் ஓஸைக் கழற்றித் திருப்பினார். அடிப்பக்கம் மிளகைவிடச் சின்ன ஒரு ஓட்டை. சுற்றிலும் ரப்பர் உருகி, வெந்து, சாம்பல் பூத்திருந்தது. அந்த ஓஸைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்பின் இடுக்கில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்தார். சிவப்புச் சாயம் பூசிய ஒரு மூங்கில் குச்சி. ஊதுபத்தியின் அடிக்கட்டை.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பிறகு என் கையில் புகைந்துகொண்டிருந்த பத்தியைப் பார்த்தோம். அதற்கும் அதே சிவப்பு அடி.

சாமி என் கண்ணைக் குத்தவில்லை. ஓஸைக் குத்திவிட்டது. பழத்தில் நிற்க வேண்டிய பத்தி சாய்ந்து நின்று, எரிந்து இறங்கும்போது அந்த இடத்தில் ஓஸைச் சுட்டிருக்கிறது. அன்றைக்கே ஓட்டை விழவில்லை, பள்ளம்தான் விழுந்தது. பேக்கரிக்காரர் நாலு நாள் ஓட்டின சூட்டிலும் அழுத்தத்திலும் பள்ளம் திறந்துகொண்டது. அதனால்தான் முதல் நாள் சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. இதையெல்லாம் ஃபிட்டர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். நான் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் அந்தக் குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சூட்டுல போயிருச்சுன்னு சொல்லிக்கிறேன்க்கா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அப்போ உங்க மேலதானே வரும்?"

"இப்பவும் என் மேலதான இருக்கு. வண்டி சரியாயிட்டா அவரு கோவம் தணிஞ்சுரும். நீங்க வேணும்னா செஞ்சீங்க? சாமி கும்பிடப் போயி வந்தது."

நான் சரி என்று தலையாட்டினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் நடந்தபடி சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே. தலையாட்டினேன். போன் விஷயத்தை முதலாளியிடம் சொன்னவள் நான்தான் என்று தெரியாமல், அந்த மனிதர் எனக்காகக் குச்சியை ஒளித்து வைக்கிறார். நான் மேசைக்குப் போய் உட்கார்ந்து பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

அவர் புது ஓஸ் மாட்டி முடிக்கவும் முதலாளியும் பேக்கரிக்காரரும் சேர்ந்தே வரவும் சரியாக இருந்தது. "கிடைச்சுது சார். சின்ன ஓஸ். சூட்டுல ஓட்டை விழுந்துருக்கு. மாத்திட்டேன்" என்றார் ஃபிட்டர்.

முதலாளி பழைய ஓஸை வாங்கிப் பார்த்தார். "அப்போ நான் சொன்னதுதான். சூடு படுற இடத்துல ஓஸை விட்டது யாரு? நீ. நாலு நாள் என் மானத்தைக் கப்பலேத்தினது யாரு? நீ." குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "வண்டி சரியானது சந்தோஷம். ஆனா நாளையோட கணக்கை முடிச்சுக்கோ. கவனமில்லாத ஆள் எனக்கு வேண்டாம்."

ஃபிட்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"பழத்தை நான் தின்னுட்டேன்!" என்றேன்.

சத்தமாகவே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி, "எந்து பழம்?" என்றார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பழத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது. பிறகு நிறுத்த முடியவில்லை. காஸ் தீர்ந்தது, வயிறு இரைந்தது, பழத்தைத் தின்றது, பத்தியை இடுக்கில் செருகியது எல்லாவற்றையும் கொட்டினேன். ஃபிட்டரின் சட்டைப்பையில் கையை விட்டுக் குச்சியை நானே எடுத்து மேசையில் வைத்தேன். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "போன்ல நின்னாருன்னு முதலாளிகிட்ட சொன்னதும் நான்தான். குழந்தை அழுதுன்னு டீச்சர் விளிச்சதாம். அது தெரியாம சொன்னேன். தெரிஞ்ச பிறகும் நேத்து முழுக்க மிண்டாம இருந்தேன்" என்றேன். மிண்டாமல் என்றால் பேசாமல். அந்த நேரத்தில் எனக்கு எந்த மொழி வந்தது என்றே தெரியாது.

முதலில் சிரித்தவர் பேக்கரிக்காரர்தான். "என் வண்டி பூஜை சாமானத்தைத் தின்னுதா?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. குச்சியை ஓஸின் ஓட்டையில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. மாதா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குத்தான் நாளையோடு கணக்கு என்று நினைத்தேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து காரின் சாவியை எடுத்து ஃபிட்டரிடம் நீட்டினார். கஸ்டமர் வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது முதலாளி மட்டும்தான், வேறு யாரையும் விட்டதே இல்லை. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, இன்றுவரை வரவில்லை. "நீ ஓட்டிக் காட்டு" என்றார்.

ஃபிட்டர் உடனே வாங்கவில்லை. "சோப்புத் தண்ணி அடிச்சப்ப சின்ன ஓஸைத் தூக்கிப் பாக்காதது என் தப்புதான் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினார். அந்தக் கண்ணியத்தைப் பார்த்து எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது.

பேக்கரிக்காரர் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னையும் பின்னால் ஏறச் சொன்னார். தோப்பும்படி தாண்டித் தீவுக்குள் நுழைந்ததும், லாரி இல்லாத நேரம் பார்த்து ஃபிட்டர் மிதித்தார். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தார். 'ப்ஷ்ஷ்ஷ்.' மறுபடி மிதித்தார், எடுத்தார். 'ப்ஷ்ஷ்ஷ்.' பேக்கரிக்காரர் கைதட்டினார். ஒன்பது வருடத்தில் எத்தனையோ வண்டியின் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், அன்றுதான் அது எனக்கு அவ்வளவு நிம்மதியாகக் கேட்டது. கண்ணாடியில் ஃபிட்டரின் கண் தெரிந்தது. என் கண்ணைச் சந்திக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. ஊதுபத்திக்கு ஒரு வார்த்தைகூடக் கோபிக்காத மனிதர், போன் விஷயத்துக்கு மனசு விட்டுப்போய்விட்டார். எனக்குப் புரிந்தது. பத்தி தெரியாமல் சுட்டது, நாக்கு அப்படியா? கடையில் தமிழ்ச் சத்தமே இல்லாமல் போனது. கேலி பேச ஆள் இல்லாமல் நான் வாடிப்போனேன். சாயா சொன்னால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பூஜைத் தட்டை எடுக்கப் போனேன். மாதா படத்துக்கு முன்னால் ஒரு பழைய பிஸ்டன் கவிழ்த்து வைத்திருந்தது. தேய்த்துப் பளபளவென்று துடைத்து, தலையில் பத்தி நிற்கிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டிருந்தது. யார் செய்தது என்று கேட்கத் தேவையில்லை. ஃபிட்டர் பின்னால் வந்து நின்றார். கையில் இரண்டு ஞாலிப்பூவன் பழம்.

"இந்தாங்கக்கா. இது சாமிக்கு. இது உங்களுக்கு. மாத்திப்புடாதீங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வாயில பழம் இருந்தா நல்லதுதான். பேச்சு வராதுல்ல" என்றார்.

சிரித்தேன், அழுதேன், பழத்தை அவர் முன்னாலேயே உரித்துத் தின்றேன். அவர் மகள் இப்போது என்னைவிட நல்ல மலையாளம் பேசுகிறாள். பேக்கரிக்காரர் மாதம் ஒருமுறை கேக் கொண்டுவந்து கொடுத்து, என் வண்டிக்குப் பசிக்கவில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்கிறார். வெள்ளிக்கிழமைகளில் இன்றும் எனக்கு ஒரு பழம் வருகிறது. இப்போதெல்லாம் எங்கே எது சரியில்லாமல் சத்தம் போட்டாலும், யார் கவனமில்லாமல் செய்தது என்று என் வாய் திறக்கப் போகும்போது அந்தப் பழத்தின் நினைவு வரும். அன்று காலை என் கை எங்கே இருந்தது என்று முதலில் யோசித்துக்கொள்கிறேன்.